மதியச் சோறும் மைதீட்டிய கண்ணும்

கொழும்புத்துறையில் வாழும் சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு எழுதிய கடிதத்திலே இரண்டு விஷயங்களை விளக்கமாகக் கேட்டிருக்கிறார். காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறி யாழ்ப்பாணப் பட்டினத்துக் கந்தோருக்குச் செல்லும் தமக்கு, ஆறரை மணிக்குள் சமைத்துக் கட்டிக்கொண்டு போகத்தக்க, தேகத்துக்கு நன்மை தரும் மதிய உணவுகள் எவை என்பது ஒன்று. நாள் முழுவதும் கணினித் திரையை நோக்கிக் களைத்துக் கீழே கருமை படர்ந்திருக்கும் கண்களை, ஆடம்பரமின்றி அழகுசெய்து கொள்வது எவ்வாறு என்பது மற்றையது. கடிதத்தின் அடியிலே, மறந்துபோனதை நினைத்துக்கொண்டவர்போல, மூன்றாவது வினா ஒன்றையும் ஓரமாக எழுதியிருக்கிறார். தமக்கையாரின் மூன்று மாதக் குழந்தைக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த கண்மையைப் பூசலாமா என்பதே அது.

ஓரத்தில் எழுதப்பட்ட வினாவுக்கே முதலில் விடை கூறவேண்டியிருக்கிறது. சகோதரியே, பூசவேண்டாம். பூசத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்தும்படி தமக்கையாருக்குச் சொல்லுங்கள்.

நம் பாட்டிமார் கூட்டிய மை வேறு. சிறு குப்பிகளில் அடைத்து விற்கப்படும் மைகளுட் பல வேறு. பாட்டிமார் வெள்ளைத் துணியைக் கையாந்தகரைச் சாற்றிலே தோய்த்து நிழலில் உலர்த்தித் திரியாக்கினர். அதனை ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியிற் படிந்த புகைக்கரியைச் சுரண்டி, சிறிது நெய்யிலோ எண்ணெயிலோ குழைத்தனர். அது பெரும்பாலும் கரியே. ஆனால் சுர்மா என்றும் கோல் என்றும் அரபு நாடுகளிலும் வட இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் வழங்கும் மைகளுட் பலவற்றுக்கு மூலப்பொருள், பளபளக்கும் ஒரு கருங்கல்லின் பொடி. அதனை அஞ்சனக்கல் என்று நம்பி வாங்குவோர் உளர். அக்கல் பெரும்பாலும் கலீனா என்னும் தாது. அதாவது ஈயமும் கந்தகமும் சேர்ந்த பொருள். ஈயமோ நஞ்சு.

பண்டை எகிப்தியர் இதே தாதுவைக் கண்ணில் இட்டுக்கொண்டனரே, அவர்கள் குருடாயினரா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பாரிஸ் நகரின் லூவர் நூதனசாலையில் உள்ள எகிப்திய மைச்சிமிழ்களை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானிகள், மிகச் சிறிய அளவில் அந்த ஈயச் சேர்க்கைகள் கண்ணிலே கிருமிகளை எதிர்க்கும் சக்தியைத் தூண்டியிருக்கக்கூடும் என்று 2010ஆம் ஆண்டில் எழுதினர். நைல் நதி பெருகும் காலத்தில் கண்நோய் மலிந்த அந்த நாட்டுக்கு அது ஒருவேளை பொருந்தியிருக்கலாம். கண்நோய்க்கு நல்ல மருந்துகள் உள்ள இக்காலத்தில், வளரும் மூளையைப் பணயமாக வைத்து அந்தப் பயனைத் தேடவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மூளை என்று சொன்னது மிகைப்படுத்திய பேச்சன்று. கண்ணில் இட்டது கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர் வடியும் நுண்ணிய குழாய் மூக்கினுள்ளே திறக்கிறது. அவ்வழியே மை தொண்டைக்கு இறங்கி வயிற்றை அடைகிறது. குழந்தையோ கண்ணைக் கசக்கிய கையை உடனே வாயில் வைக்கும். உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்தென்று மயங்கி ஏற்றுக்கொள்கிறது. வளர்ந்தோரைவிட நாலைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகள் விழுங்கிய ஈயத்தை உட்கொள்கின்றனர் என்றும், தீங்கு செய்யாத அளவு என்று ஈயத்துக்கு ஓர் அளவே அறியப்படவில்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், ஆறு மாத ஆண்குழந்தை ஒன்றின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது ஒரு டெசிலீற்றருக்கு 13 மைக்ரோகிராம் ஈயம் இருப்பதைக் கண்டனர். இன்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் கவனத்துக்குரியதெனக் கொள்ளும் அளவு 3.5. வீட்டிலே சுவர்ப்பூச்சையும் தண்ணீரையும் ஐயுற்றுத் தேடியபின், நைஜீரியாவிலிருந்து வந்த ரீரோ என்னும் கண்மையே காரணம் என்று தெரிந்தது. அந்த மையில் 80 வீதத்துக்கு மேல் ஈயம் இருந்தது. அதைப் பூசியவர்கள் பகைவர்களல்லர். குழந்தையின் பார்வைக்கு நல்லதென்று நம்பிய பெற்றோரே.

அப்படியானால் பாட்டியின் விளக்குமையையாவது இடலாமா என்று கேட்பீர்கள். அதிலே ஈயம் இல்லாதிருக்கலாம்; ஆனால் விரல் நகமும் தூசும் கிருமியும் உண்டு. பிறந்த குழந்தையின் கண்ணீர்க்குழாய் பல வேளைகளிற் சரியாகத் திறந்திருப்பதில்லை; அதனைக் கரியால் அடைத்து என்ன இலாபம்? கண்ணூறு கழியவேண்டுமென்று வீட்டிலுள்ள மூத்தோர் மனம் வருந்துவாராயின், காதின் பின்புறத்தில் சிறு பொட்டாக அந்த விளக்குமையை வைத்துவிடுங்கள். உள்ளங்காலில் வைக்கலாமே என்பார்கள். வேண்டாம், இன்னும் இரண்டொரு மாதத்தில் பிள்ளை காலையும் வாய்க்குள் கொண்டுபோகும். மை பூசிய நாட்கள் பலவாயின், பயப்படாமல், ஆனால் தாமதியாமல், வைத்தியரிடம் மைக்குப்பியையும் கொண்டுசென்று காட்டுவது நன்று.

இனிக் கடிதத்தின் முதல் இரண்டு வினாக்களுக்கு வருவோம். சகோதரி அவற்றைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார். எமக்கோ இரண்டும் ஒரே வினாவாகத் தோன்றுகிறது. கண்ணுக்கு வெளியே தீட்டும் மை எட்டு மணித்தியாலம் நிற்கும். கண்ணுக்கு உள்ளே தீட்டப்படுவது மதியச் சோற்றிலிருந்தே வருகிறது. இது அலங்காரப் பேச்சன்று. விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதை ஜோர்ஜ் வால்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1933இல் கண்டறிந்தார். மங்கிய ஒளியில் நாம் பார்ப்பதற்கு வேண்டிய நிறப்பொருள் அச்சத்திலிருந்தே உண்டாகிறது. இத்துறையில் அவர் செய்த பணிக்காக 1967இல் நோபெல் பரிசு கிடைத்தது. அச்சத்துக் குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர் கண்ணின் வெண்மை பளபளப்பிழந்து வறளும். கவனியாது விட்டாற் பார்வையே போய்விடும். சிறு பிள்ளைகளுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் கிடைக்கும் விற்றமின் ஏ மருந்தைத் தவறவிடாதீர்கள் என்று சொல்வது இதனாலேதான்.

கண்ணின் கீழ்க் கருமை விஷயமும் ஓரளவு இப்படியே. நித்திரைக் குறைவு, கண்ணைக் கசக்கும் பழக்கம், குடும்பவழி வந்த மெல்லிய தோல் எனக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் உணவின் தலையிற் போடுவது நீதியன்று. ஆயினும் கண்ணாடி முன் நின்று, கீழிமையை விரலால் மெல்லக் கீழே இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். அது நன்கு சிவந்திருக்கவேண்டும். வெளிறியிருந்தால் இரத்தச் சோகை இருக்கலாம். வைத்தியர்கள் முதலிற் பார்க்கும் இடம் அதுவே. வீட்டிலே எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியில் மிஞ்சியதை உண்ணும் தாய்மாருக்கும், காலையில் ஒரு கோப்பித் தேநீரும் மதியம் இரண்டு துண்டுப் பாணுமாக நாளைக் கழிக்கும் கந்தோர்ப் பெண்களுக்கும் அந்த வெளிறல் வருவதில் வியப்பென்ன? விலையுயர்ந்த களிம்புகளை வாங்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது சிக்கனம்.

சோற்றுக்கு வருவோம். கொழும்புத்துறையார் கொடுத்துவைத்தவர்கள். ஒருபுறம் பரவைக்கடல், அடுத்தாற்போல் பாசையூர் மீன்சந்தை, பட்டினத்துக்கு அப்பால் திருநெல்வேலிச் சந்தையின் மரக்கறி. முற்காலத்தில் இத்துறையிலிருந்தே பூநகரிக்குத் தோணிகள் சென்றன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி நெல்லுக்குத் தோணி வேண்டியதில்லை; மொட்டைக்கறுப்பன் தரைவழியாகவே வந்துவிடுகிறது. தவிடு முழுவதும் நீங்காத அந்தச் சிவப்புப் புழுங்கலரிசியை வாரத்தில் நாலு நாளாவது உலையில் இடுங்கள். புழுக்கும்போது உமியடியிலுள்ள சத்துக்களுள் ஒரு பகுதி மணியினுள்ளே ஊறிவிடுகிறது. நாரும் மிகுதி; உண்டபின் நெடுநேரம் பசி எடுக்காது. வெள்ளைச் சோறு மலைபோற் குவித்து மேலே ஒரு கரண்டிக் குழம்பு ஊற்றி உண்ணும் வழக்கம் நீரிழிவுக்காரர் உள்ள வீடுகளிலும் இன்னும் போகவில்லை. நீரிழிவு கண்ணின் பின்புறத்து இரத்தக்குழாய்களைச் சத்தமின்றிக் கெடுக்கும். நோவில்லை, சிவப்பில்லை, பார்வை மங்கிய பின்பே தெரியவரும். அந்நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை வாசிப்பது அந்தப் பரிசோதனையாகாது.

சோறு கொதிக்கும் அரை மணிக்குள் முருங்கையிலை வறை செய்துவிடலாம். முதல்நாள் இரவிலேயே இலையை உருவிக் கழுவி, நீர் வடிய ஓலைப்பெட்டியில் இட்டு வைத்தாற் காலையில் வேலை பாதி. சட்டியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் சிறிது நற்சீரகமும் வதக்கி, நறுக்கிய இலையையும் உப்பையும் மஞ்சளையும் இட்டு மூன்று நான்கு நிமிஷம் பிரட்டி, கடைசியில் தேங்காய்ப்பூ தூவி ஈரம் வற்ற இறக்குங்கள். தேங்காயும் எண்ணெயும் ருசிக்காக மாத்திரமன்று. கீரையிலும் பூசணியிலும் பப்பாசியிலும் உள்ள கரோட்டின் என்னும் நிறச்சத்தை உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள வேண்டுமானால், கூடவே கொஞ்சம் கொழுப்புப் போய்ச் சேரவேண்டும். கொழுப்புக்குப் பயந்து கீரையை வெறும் நீரில் அவித்து உண்பவர்கள் அதன் பலனிற் பெரும்பங்கை இழக்கின்றனர். நம் முன்னோர் கீரைக்குத் தேங்காய்ப்பால் விட்டது வீணன்று.

ஆனால் தேங்காய்ப்பால் விட்ட கறியைக் கட்டிக்கொண்டு போகவேண்டாம். சொதியும் பால்கறியும் வீட்டிலிருந்து உண்பவர்க்கு உரியவை. காலை ஆறு மணிக்குக் கட்டிய பால்கறி யாழ்ப்பாணத்து வெக்கையில் ஒரு மணிக்குள் புளித்துவிடக்கூடும். பொதிக்கு ஏற்றவை வறை, பிரட்டல், பொரியல், புளி விட்டுச் சுண்டவைத்த குழம்பு. தேங்காய்ப்பூவையும் ஈரம் போக நன்கு பிரட்டியே சேர்க்கவேண்டும். சோற்றை ஆவி போக ஆறவிட்டுக் கட்டுங்கள்; சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கெடும். சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாளை அரசாங்கம் 2017இலேயே தடைசெய்துவிட்டது. அனலில் வாட்டிய வாழையிலைக்கு அத்தகைய தடையும் இல்லை, அதன் வாசனைக்கு ஈடும் இல்லை. இலை கிடைக்காத நாளில் மூடியுள்ள எவர்சில்வர்ப் பெட்டி போதும்.

மீன் விஷயத்திற் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய மீனின் நடுத்துண்டு வீட்டு ஆண்களுக்கு, தலையும் வாலும் பெண்களுக்கு என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை நாம் ஆதரிக்கவில்லை. எனினும் தலையை அற்பமாக எண்ணவேண்டாம். பங்களாதேஷ் நாட்டுக் குளங்களில் வாழும் மோலா என்ற சிறு மீனை ஆராய்ந்தவர்கள், அதிலுள்ள விற்றமின் ஏயில் பெரும்பகுதி கண்களிலும் குடலிலும் இருப்பதைக் கண்டனர். தலையைக் கிள்ளி எறிந்து சமைத்தால் சத்தின் பாதிக்குமேல் குப்பைக்குப் போகிறது. எல்லாச் சிறு மீனிலும் அதே அளவு இருக்குமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் நெத்தலியைத் தலையோடு கழுவி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்தால், முள்ளின் சுண்ணாம்புச் சத்தும் வீணாகாது, கைப்பும் தெரியாது. பத்து நிமிஷ வேலை. தலை கிள்ளும் நேரமும் மிச்சம்.

சோறு வைக்க நேரமில்லாத நாளிற் கீரைப் பிட்டு அவியுங்கள். வறுத்த அரிசிமாவும் குரக்கன்மாவும் சமபங்காகக் குழைத்து, பொடியாக அரிந்த முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் கலந்து நீத்துப்பெட்டியில் இட்டால் கறியும் சோறும் ஒன்றாகவே வெந்துவிடும். அருகே பொரித்த நெத்தலியோ ஓர் அவித்த முட்டையோ இருந்தாற் போதும். மச்சம் உண்ணாத வெள்ளிக்கிழமையில் அவித்த பயறும் பூசணிக்காய்ப் பிரட்டலும் அந்த இடத்தை நிரப்பும். வல்லாரைச் சம்பலுக்கு அடுப்பே வேண்டாம்: அரிந்த இலை, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு. தேசிப்புளியைத் தனியே ஒரு துண்டாகக் கொண்டுபோய் உண்ணும்போது பிழியுங்கள். அப்புளி கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பிற் சேர உதவும். உண்டகையோடு தேநீர் குடிப்பதோ அதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள். கந்தோரிலே இது எளிதன்று என்பதை அறிவோம். தேநீர் கொண்டுவருபவர் சரியாக அந்த வேளையில்தான் வருவார்.

பழம் என்றால் அப்பிளும் திராட்சையும் என்று நினைப்பது புதிய நாகரிகம். வேலியோரத்துப் பப்பாசி கண்ணுக்குச் செய்யும் நன்மையிற் காற்பங்கும் அப்பிள் செய்யாது. கறுத்தக்கொழும்பான் பருவத்திலோ வேறு பழத்தின் பேச்சே வேண்டாம். வெட்டினால் உள்ளே தெரியும் அந்தச் செம்மஞ்சள் நிறமே நாம் தேடும் கரோட்டின்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒடியற் கூழை விட வேறு உணவு ஏன்? அதை இலகு உணவென்று சொன்னாற் சிலர் நகைப்பர். ஆனால் ஒரே பானை. சோறு வேறு, கறி வேறு, சொதி வேறு என்ற தொல்லை இல்லை. ஒடியல் மாவை முன்னதாகவே நீரில் ஊறவைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிட்டாற் கைப்புக் குறையும். பானையில் நீர் கொதிக்கும்போது கழுவிய சிறிதளவு அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டுகள் என்பவற்றை இட்டு, அவை வெந்து வரும்போது பரவைக்கடல் நண்டும் இறாலும் மீன்தலையும் சேர்க்கவேண்டும். எல்லாம் வெந்தபின் பழப்புளியில் கரைத்த ஒடியல் மாவையும் அரைத்த செத்தல் மிளகாயையும் விட்டுத் துழாவி, கூழ் தடிக்கும் வேளையில் முருங்கையிலையை அள்ளிப் போட்டு இறக்குங்கள். பிளாவிலே வார்த்துக் குடித்தால் அதன் ருசி தனி. கோப்பையில் வார்த்துக் கரண்டியால் உண்பவர்களை நாம் தடுக்கப்போவதில்லை. கூழ் குடித்தோம் என்று மாத்திரம் அவர்கள் சொல்லாதிருந்தாற் சரி. முக்கியமான சங்கதி, அந்தப் பானையைச் சுற்றி எல்லோரும் ஒன்றாக அமர்வர். வீட்டுத்தலைவியும் சூட்டோடு உண்ணும் நாள் அது ஒன்றே என்ற வீடுகளும் உண்டு.

மிளகாய் அரைத்த கையைச் சவர்க்காரமிட்டு இருமுறை கழுவிய பின்பே மைப்பென்சிலைத் தொடவேண்டும். இதை வேடிக்கையாக எழுதவில்லை.

மை தீட்டும் முறையிலே நாகரிகம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1960ஆம் ஆண்டுகளில் பத்மினி, சரோஜாதேவி முதலியோரின் படங்களைப் பார்த்த நம் பெண்கள், கண்ணின் கடைக்கோடியில் வால் இழுத்துக்கொண்டனர். இப்போது கைத்தொலைபேசியைப் பார்த்துப் பூனைக்கண் என்று அதனையே திரும்பவும் இழுக்கின்றனர். கந்தோருக்குச் செல்லும் பெண்ணுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. முகத்தைக் குளிர்ந்த நீரிற் கழுவி ஈரம் ஒற்றியெடுங்கள். கண்ணின் கீழ் வீக்கம் இருந்தால் கெக்கரிக்காய்த் துண்டையோ நனைத்த துணியையோ ஐந்து நிமிஷம் வையுங்கள். நன்மை செய்வது குளிர்ச்சியே. தேசிப்புளியைக் கண்ணின் அருகே பூசச் சொல்வோரின் பேச்சைக் கேட்கவேண்டாம்.

முதலிற் புருவத்தைச் சிறு தூரிகையால் மேல்நோக்கி வாரி, மிகையாக நிற்கும் இரண்டொரு மயிரை மாத்திரம் நீக்குங்கள். பின்பு முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, மேலிமையில் மயிர் முளைக்கும் இடத்துக்கு வெளிப்புறமாக, மூக்கின் பக்கத்திலிருந்து காதின் பக்கமாகக் கோடு இடுங்கள். தொடங்கும்போது மெல்லியதாகவும் முடியும்போது சற்றுத் தடித்ததாகவும் இருந்தாற் கண் நீண்டு காணப்படும். ஒரே கோடாக வராவிட்டாற் சிறு சிறு புள்ளிகளாக வைத்து இணைத்துவிடலாம். கீழிமையில் வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கு போதும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் கீழே கோடு இடாமலே விட்டால் முகம் இளமையாகத் தோன்றும். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவரின் கண் சிறிதாகத் தெரிவதால் மேற்கோட்டைச் சற்று அழுத்தலாம். தூரப்பார்வைக் கண்ணாடி கண்ணைப் பெருப்பித்துக் காட்டுவதால் அங்கே மெல்லிய கோடே அழகு. ஓடும் பஸ்ஸிலே மை தீட்டுவதை நிறுத்துங்கள். கொழும்புத்துறை வீதியாயினும் கொழும்பு வீதியாயினும் பள்ளம் ஒன்றுதான், விழி ஒன்றுதான்.

இமையின் உள்விளிம்பிலே, ஈரமான இடத்தில், மையை அப்புவது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். அதை விட்டுவிடும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்விளிம்பில் வரிசையாக நுண்ணிய துளைகள் உண்டு. மேலிமையில் மாத்திரம் முப்பது வரை இருக்கும். அவை மைபோம் சுரப்பிகளின் வாய்கள். 1666இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய வைத்தியர் மைபோமின் பெயர் அது. நம் மைக்கும் அதற்கும் உறவில்லை. அவை கசியும் எண்ணெய் கண்ணீர் விரைவில் உலராதபடி காக்கிறது. துளைகளை மை அடைத்தாற் கண் வறளும், உறுத்தும், கட்டியும் வரலாம். கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் 2015இல் நடந்த பரிசோதனையில், உள்விளிம்பில் இட்ட மை வெளியே இட்டதைவிட விரைவாகவும் அதிகமாகவும் கண்ணீரிற் கலப்பதைக் கண்டனர். திரையை நோக்கி வேலைசெய்பவர்கள் இமைப்பதே குறைவு. அவர்களுக்கு வறட்சி இரட்டிப்பாகும். இருபது நிமிஷத்துக்கொரு முறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது விநாடி நோக்குங்கள். கந்தோர் யன்னலுக்கு வெளியே ஒரு பனை நின்றாற் போதும்.

வாங்கும் பொருளில் அதன் பெயரையும் உள்ளீடுகளையும் செய்தவர் முகவரியையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். இவை இல்லாததை வாங்காதீர்கள். 1933இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற பெயரில் விற்கப்பட்ட இமைச்சாயம் பல பெண்களின் கண்களைக் கெடுத்தது. பார்வை இழந்தவரும் உண்டு, உயிரிழந்தவரும் உண்டு. தலைமயிர்ச் சாயத்திற் சேர்க்கும் ஒரு பொருளே அதில் இருந்தது. அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் அந்நாட்டில் 1938இலேதான் வந்தது. தலைமயிர்ச் சாயத்தைப் புருவத்துக்கும் பூசிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருப்பதாற் பழங்கதையை எடுத்துச் சொல்கிறோம். பூசாதீர்கள், அந்தப் பொருள் இன்றைய சாயங்கள் பலவற்றிலும் இருக்கிறது.

தங்கையின் பென்சிலைத் தமக்கை எடுப்பதும், கலியாண வீட்டிலே ஒரே மைச்சிமிழில் பத்து விரல்கள் தோய்வதும் கண்நோய் பரவும் வழி. பென்சிலை ஒவ்வொரு முறையும் சிறிது சீவிவிட்டுப் பாவியுங்கள். இமைமயிருக்குப் பூசும் திரவ மையைத் திறந்த மூன்று மாதத்தில் எறிந்துவிடவேண்டும். உலர்ந்துவிட்டதென்று நீரோ உமிழ்நீரோ விட்டுக் குழைப்பது பெருந்தவறு. கண் சிவந்து பீளை கட்டினால் மை தீட்டுவதை நிறுத்துங்கள். இரண்டு நாளிற் குறையாவிட்டாலோ, நோவு அல்லது பார்வை மங்கல் இருந்தால் அன்றைக்கே, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்குச் செல்லுங்கள். முலைப்பாலும் கொத்தமல்லித் தண்ணீரும் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இரவிலே எவ்வளவு களைப்பாயினும் மையோடு உறங்காதீர்கள். பஞ்சிலே இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டு, மூடிய இமையின்மேல் அரை நிமிஷம் வைத்திருந்து, மேலிருந்து கீழாக ஒருமுறை மெல்ல வழித்தெடுங்கள், தேய்க்கவேண்டாம். மற்றக் கண்ணுக்கு வேறு பஞ்சு. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நாளைய வறைக்கு முருங்கையிலையை உருவத் தொடங்கலாம்.